பழவேற்காட்டுக்குப் போன பலாப்பழம்

பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு கடல் கடக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம். மாம்பழம் அழுகினாலும் சத்தமில்லாமல் அழுகும். வாழைப்பழம் கறுத்தால் மடியில் கட்டி மறைத்துவிடலாம். பலா பழுத்தால் பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனுக்கும் தெரிந்துவிடும். நான் இரண்டு கொண்டுபோனேன். பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி, நன்றாக முற்றிய, ஆனால் பழுக்காத காய்களாகப் பார்த்துத்தான் வைத்தேன். எங்கள் தென்மராட்சித் தோட்டத்துப் பலா எத்தனை நாளில் பழுக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர் இருந்தது. கடல் வெயில் என் கணக்கைக் கேட்கவில்லை.

பழவேற்காட்டில் என் தங்கை செல்லம் இருந்தாள். பனைமரம் ஏற்றிப்போக எங்கள் பக்கம் வந்த தோணியின் தண்டேல் முத்தையன், தோணி செலுத்துவதில் கெட்டிக்காரன், அவளைக் கட்டிக்கொண்டு போனான். சில ஆண்டுகள் நல்ல சேதியாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு அவன் ஒல்லாந்தரின் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கடல் கடந்து கிழக்கே பத்தாவியாத் துறைமுகத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். அடுத்து வந்த தோணிக்காரன், "உன் தங்கை எலும்பும் தோலுமாக இருக்கிறாள், கைப்பிள்ளையை வேறு வைத்திருக்கிறாள்" என்று சொன்னான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பிடித்ததும் வடக்கே போகும் முதல் தோணியில் ஏறிவிட்டேன்.

செல்லத்துக்குப் பலா என்றால் உயிர். அதனால்தான் அந்தச் சுமை. மெலிந்த உடம்புக்கு அதைப் போல வேறு பழம் இல்லை. சதை வைக்கும், களைப்புப் போகும், நெய்யோ தேனோ தொட்டுத் தின்றால் வயிற்றையும் வருத்தாது. அளவு மீறினால் மட்டும் வயிறு கல்லாகக் கனக்கும். கொட்டையை அவித்து உப்புப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு.

பெரிய காய் நடுக்கடலிலேயே பழுத்துவிட்டது. அதுவரை என்னோடு ஒரு சொல் பேசாதிருந்த துணி வியாபாரி, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுக்கான் பிடிப்பவன் சுக்கானை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்தான். வேறு வழியில்லாமல் அறுத்தேன். தோணியில் இருந்தவர்கள் எல்லாரும் தின்றார்கள், தின்னும்போது ஒருவரும் பேசவில்லை. சமையல்காரன் கொட்டைகளைப் பொறுக்கிச் சாம்பலில் சுட்டு மறுபடியும் பங்கு வைத்தான். சின்னக் காயை என் போர்வையில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

பழவேற்காடு தூரத்திலிருந்து பார்க்க ஒரு தட்டையான மணல் கோடு. ஒல்லாந்தர் கோட்டையின் கொடி தெரிந்த பிறகுதான் ஊர் இருக்கிறது என்று நம்பிக்கை வந்தது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் முகத்துவாரத்து வழியாக ஏரிக்குள் நுழைந்தோம். கோடையில் ஏரி வற்றிப் போயிருந்ததால் நான் மாறி ஏறிய சின்னப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. "எறங்கு, எறங்கு, எல்லாரும் எறங்கித் தள்ளு" என்றான் படகோட்டி. முழங்கால் ஆழச் சேற்றில், தலையில் பலாக்காயோடு நான் படகு தள்ளினேன். சற்றுத் தள்ளி சில பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து, கையாலேயே துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருந்த ஓலைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். எங்கள் ஊரிலும் இதுபோலக் கடல்நீரேரி உண்டு. அதில் இப்படி யாரும் கையால் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஏரித் திட்டில் இருந்த குப்பத்தில் செல்லத்தின் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு பெண் நின்றாள். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றி இருண்டு, தலைமயிர் பாதி கொட்டிப் போயிருந்தது. இது யார் என்று நான் கேட்கவே போனேன். அவள் "அண்ணை" என்றாள். நான் தலைச்சுமையோடு அப்படியே நின்றுவிட்டேன். அழுகையை அடக்கத் தெரியாத ஆள் நான், அடக்கவும் இல்லை.

அவள் இடுப்பில் இருந்த பெண்குழந்தை, பொன்னி, என்னை உற்றுப் பார்த்துவிட்டு "நைனா?" என்று கேட்டது. இந்தக் கரையில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "இல்லடி, மாமா" என்று செல்லம் திருத்தினாள். தகப்பன் கப்பல் ஏறிய பிறகு பிறந்த பிள்ளை. ஏரியில் எந்தப் பாய் தெரிந்தாலும் கை நீட்டி அதே சொல்லைச் சொல்லும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்ன பிள்ளை இது கோலம்? உனக்குப் பலாப்பழம் கொண்டந்திருக்கிறன், பார்" என்று போர்வையைப் பிரித்தேன். செல்லம் ஒரு அடி பின்னால் போனாள். குழந்தையின் கையையும் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணை."

"உனக்கு வேண்டாமோ? பலா வேண்டாமோ?" எனக்குக் கோபம் வந்தது. சேற்றில் தலையில் சுமந்தது நான்.

உள்ளிருந்து அவள் மாமியார் காத்தாயி வந்தாள். நெட்டையான, அதிகம் பேசாத மனுஷி. காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா? அவங்க ரெண்டு பேரும் பழம் நிறுத்தினது இதாம்பா" என்றாள்.

அவள் விளக்கியது இது. இந்தக் குப்பத்தில் ஒருவன் கிழக்கே கப்பல் ஏறுகிறான் என்றால், புறப்படும் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் கரையில் உட்கார்ந்து தங்களுக்கு மிகவும் பிடித்த பழத்தில் ஒரு துண்டு ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்வார்கள். மறுபடி இரண்டு பேரும் சேர்ந்து உட்காரும் நாள்வரை அவனும் தொடமாட்டான், அவளும் தொடமாட்டாள். பெரும்பாலும் வாழை, மா. செல்லமும் முத்தையனும் பலாவை நிறுத்தியிருந்தார்கள். முத்தையன் எங்கள் தோட்டத்தில் பெண் பார்க்க வந்த அன்று என் தகப்பனார் அவனுக்கு அறுத்துக் கொடுத்தது பலா. கடலில் புருஷன் செத்துப்போனான் என்று சேதி வந்தால், அன்று ஊர்ப் பெண்கள் கூடி அவளை அந்தப் பழத்தைத் தின்னச் சொல்வார்கள். பிறகுதான் பொட்டை அழிப்பார்கள்.

"உசுரோட இருக்கசொல்ல இவ தின்னுட்டா, கடல் அவன எடுத்துக்கும்னு ஒரு பேச்சு" என்றாள் காத்தாயி. "சேதி இல்லாம எத்தினி நாளாச்சு. ஆனா இவ நிறுத்தினத நிறுத்தித்தான் வச்சிருக்கா."

"அப்ப இந்தக் காயைத் தூக்கி ஏரியிலை போடட்டே?" என்றேன்.

"வூட்டுக்கு வந்த பழத்த எறியக்கூடாது. மூலைல கெடக்கட்டும். பழுத்தா நாலு வூட்டுக்குக் குடுக்கலாம்."

அப்படித்தான் அது மூலையில் போய் உட்கார்ந்தது.

அன்று முதல் என் வேலை, பலாவைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாப் பழத்தையும் என் தங்கைக்கு ஊட்டுவது என்று முடிவு செய்தேன். தோட்டக்காரனுக்குத் தெரிந்த மருத்துவம் அதுதான். முதல் நாள் வாழை. எங்கள் கதலி போல வாசனை இல்லை, ஆனால் இளம் பழமாக இருந்தது. மெலிந்தவர்களுக்கு வாழையைக் காலையில் கொடுப்பதுதான் நல்லது. மலத்தை இளக்கும், பால் கொடுக்கிறவளுக்குக் களைப்பை ஆற்றும். செல்லம் பாதி தின்றாள், மீதியைப் பொன்னி பிடுங்கிக்கொண்டது.

அடுத்த நாள் கோட்டைப் பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். மரக்காயர் ஒருவரின் கடையில் அரபுக் கப்பலில் வந்த பேரீச்சம்பழம் பாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரத்தம் ஊற அதைவிட நல்லது எது? என் கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் புகையிலையைக் கொடுத்து ஒரு கட்டு வாங்கினேன். அவர் புகையிலையை முகர்ந்துவிட்டு, "நோயாளிக்கா? ராத்திரி ஆட்டுப்பால்ல ஊற வச்சு விடியசொல்ல குடுங்க. கொட்டய எண்ணாதீங்க, எண்ணினா ஒடம்புல ஒட்டாது" என்றார். கடைசியில் சொன்னதை எந்த வைத்தியத்தில் படித்தார் என்று தெரியவில்லை. ஆனாலும் நான் எண்ணவில்லை.

வழியில் ஒல்லாந்தன் ஒருவன் மாம்பழம் தின்பதைப் பார்த்தேன். கத்தியால் கட்டம் கட்டமாக அறுத்து, முள்கரண்டியால் குத்தி, ஒரு சொட்டுச் சாறு கையில் படாமல் தின்றான். அதிலிருந்து அவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மாம்பழத்தின் பலன் பாதி அதை உறிஞ்சித் தின்பதில் இருக்கிறது. கண்ணுக்கு நல்லது, மேனிக்கு நிறம் கொடுக்கும், தின்றபின் கொஞ்சம் பால் குடித்தால் சூடும் தணியும். பொன்னேரிச் சந்தையிலிருந்து வந்த கூடையில் நானும் எடுத்துக்கொண்டேன். செல்லம் மாம்பழத்தை ஒழுங்காகத் தின்றாள். குழந்தையின் முழங்கைவரை சாறு வழிந்தது.

இன்னும் பழம் தேடித் திருப்பாலைவனத்துக்கும் போய்வந்தேன். உள்நாட்டுப் பக்கம், வயல்களைக் கடந்து போகவேண்டும். என்னை ஏற்றிக்கொண்ட மாட்டுவண்டியின் அச்சு பாதி வழியில் முறிந்தது. வண்டிக்காரன் மாட்டைத் திட்டினான், மாடு என்ன செய்யும்? மீதி தூரம் நடந்தேன். அங்கே பாலை மரங்களைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. எங்கள் வன்னிக் காட்டில் நிற்கும் அதே மரம், அதே மஞ்சள் பழம், விரல் நுனியளவு. ஏரியில் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். படகு தள்ளும்போது என்னைப் பார்த்துச் சிரித்தவளேதான்.

"இன்னா சாமி, தலைல காயக் காணோம்?" என்றாள்.

பாலைப்பழம் தேனாக இனிக்கும். ஆனால் அதன் பால் உதட்டை ஒட்டிவிடும். நாலு பழத்துக்கு மேல் தின்றவன் வாயைத் திறக்கப் படும் பாட்டைப் பார்க்கவேண்டும். தாகத்தைத் தணிக்கும், வெயிலில் அலைகிறவனுக்குத் தெம்பு கொடுக்கும். காட்டில் வழி தவறியவர்கள் அதைத் தின்றே பல நாள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெண் கூடவே ஒரு பிடி நாவலும் போட்டுக் கொடுத்தாள். நாவல் துவர்ப்பு கலந்த இனிப்பு. வயிற்றுப் போக்கை நிறுத்தும், நீரிழிவுக்காரரும் அஞ்சாமல் தின்னலாம். அன்று மாலை செல்லம், பொன்னி, நான் மூவரும் நீல நாக்கோடு, ஒட்டிய உதட்டோடு உட்கார்ந்திருந்தோம். செல்லம் சிரித்தாள். நான் வந்த பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

"என்னோடை ஊருக்கு வா பிள்ளை" என்றேன் அந்தச் சமயம் பார்த்து.

"பழம் நிறுத்தினவள் புருஷன் வீட்டை விட்டுப் போகக்கூடாது அண்ணை. அவர் வந்து தேடினால்?"

அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் பாய் தெரிந்தால் எழுந்து வாசலுக்குப் போவாள், அது வேறு யாருடைய பாய் என்று தெரிந்ததும் திரும்பி வருவாள். தின்றதெல்லாம் அந்தப் போக்குவரத்திலேயே கரைந்துபோவதாக எனக்குத் தோன்றும். எந்தப் பழத்தாலும் அதை நிறுத்த முடியவில்லை.

மூலையில் இருந்த பலா அதற்குள் பழுத்துவிட்டது. முதலில் லேசாக, பிறகு வீடு முழுக்க. சமைக்கிற மீன் வாசனையையும் மீறி அடித்தது. செல்லம் அந்த மூலைக்கு முதுகைக் காட்டியே படுத்தாள். "நாளைக்கு அறுத்து ஊருக்குக் குடுத்துடலாம்" என்றாள் காத்தாயி.

மறுநாள் முற்பகலில் ஒரு மாலுமி வந்தான். மசூலிப்பட்டினத்துக்காரன், தெலுங்கு மட்டும்தான் பேசினான். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலில் பத்தாவியாவிலிருந்து வந்திருந்தான். முத்தையனின் தாய் வீடு இதுதானா என்று விசாரித்துக்கொண்டு வந்து, மடியிலிருந்து ஒரு கிராம்புப் பொட்டலத்தை எடுத்துக் காத்தாயி கையில் வைத்தான். இந்தக் கரையில் எல்லாருக்கும் தெலுங்கு தெரியும், எனக்குத் தெரியாது. அதனால் அவன் சொல்லச் சொல்ல அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"உசுரோட கீறானாம். என் புள்ள உசுரோட கீறானாம். ஒடம்பு நல்லா கீதாம். தொறைமுகத்தாண்ட வேலையாம்."

செல்லம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். மாலுமி அவளை அந்த வீட்டு மகள் என்று நினைத்துக்கொண்டான் போல. அவளைக் கவனிக்கவே இல்லை.

அப்போது அவன் மூக்கை உறிஞ்சினான். மூலையில் இருந்த பலாவைப் பார்த்துச் சிரித்தான். அதைக் கைகாட்டி என்னவோ சொன்னான். எண்ணெய் பூசுவது போல இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டான், சுளை பிடுங்குவது போலக் காட்டினான், வாயில் போடுவது போலக் காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கும் கொடுத்தான் என்பது போலத் தலையாட்டினான்.

காத்தாயி தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"என்ன சொல்லுறான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நல்லா கீறான்னு சொல்றான்."

செல்லம் கதவை விட்டு முன்னால் வந்தாள். மாலுமியிடம் தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் யோசிக்காமல் பதில் சொன்னான். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நல்ல சேதி கொண்டுவந்த நிம்மதி அவன் நடையில் தெரிந்தது.

"என்ன கேட்டனீ பிள்ளை?"

"பலா அறுக்கேக்கை அவருக்கு எண்ணெய் ஆர் கொண்டந்து குடுத்ததெண்டு கேட்டனான்."

"ஆராம்?"

"அவரின்ரை வீட்டுக்காரியாம், அங்கை கட்டினவளாம்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு பழம்தானே பிள்ளை. பசியிலை திண்டிருப்பார். அவன் வேறை ஆரையும் சொல்லியிருப்பான்" என்று உளறினேன்.

செல்லம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை. "பசியிலை தின்னிற பழமே அண்ணை இது? மாம்பழமெண்டால் நடந்து போகேக்கை கடிக்கலாம். மறந்துபோய்த் திண்டிட்டார் எண்டு சொல்லலாம். இதுக்கு இருக்கவேணும். கத்தி எடுக்கவேணும். கையிலை எண்ணெய் பூசவேணும். பால் துடைச்சு, சுளையைச் சுத்தின சடை விலக்கி, ஒவ்வொரு சுளையாய் எடுக்கவேணும். என்னை நினைக்க அவருக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும், சொல்லுங்கோ."

நான் எத்தனையோ வருடமாகப் பலா அறுத்தவன். அவள் சொன்னதில் ஒரு சொல்லை என்னால் மறுக்க முடியவில்லை. அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் ஓலை பற்றாது.

அதற்குள் சேதி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. முத்தையன் உயிரோடு இருக்கிறான்! பெண்கள் மஞ்சளும் பூவுமாக வாசலில் கூடினார்கள். ஒருத்தி செல்லத்தின் தலையில் பூ வைத்தாள். "நீ கட்டுப்பாடா இருந்ததாலதான்டி அவன் பொழச்சுக் கீறான்" என்றாள் இன்னொருத்தி. காத்தாயி கிராம்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

செல்லம் எழுந்து மூலைக்குப் போனாள். பலாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து, பெண்களுக்கு நடுவே வைத்தாள். அரிவாள்மணையை எடுத்துவந்தாள்.

"அண்ணை, எண்ணெய் தாங்கோ."

கூட்டம் ஒரு கணம் புரியாமல் நின்றது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "அய்யய்யோ, இன்னாடி பண்றே?" "பைத்தியமாடி, அவன் உசுரோட கீறான்!" "நீ தின்னா கடல் எடுத்துக்கும்டி அவன!" பூ வைத்தவள் பழத்தின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாள்.

"அவரு தின்னுட்டாருக்கா" என்றாள் செல்லம், அவர்களுடைய பேச்சிலேயே. "எண்ணெ தடவிக்கினு, ஒக்காந்து தின்னாராம். ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீறாராம்."

பூ வைத்தவள் பழத்தின் மேலிருந்து கைகளை எடுத்தாள். நான் எண்ணெய் தேடினேன். அந்த வீட்டில் எண்ணெய் அடுப்படியில் உறியில் தொங்கியது, அடுப்படி காத்தாயியுடையது. அந்த நேரம் காத்தாயி எழுந்து உள்ளே போனாள். எண்ணெயை ஒளிக்கத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பெற்ற தாய் அல்லவா.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். செல்லத்தின் எதிரே உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் படும்படி எண்ணெய் பூசினாள்.

"அவனுக்கு ஒருத்தி குடுத்தா" என்றாள். "என் மருமவளுக்கு நான் குடுக்கறேன். யாருக்கு இன்னா வந்துச்சு?"

செல்லம் அறுத்தாள். முதல் சுளையைக் கொட்டை எடுத்துப் பொன்னியின் வாயில் வைத்தாள். அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து பலாவை அறியாத பிள்ளை அது. மென்றது, நிறுத்தியது, கண்ணை அகல விரித்து இன்னொன்றுக்கு வாயைத் திறந்தது. இரண்டாவது சுளையைச் செல்லம் தின்றாள். தின்னும்போதுதான் அழுதாள். பொட்டை அழிக்க யாரும் கிட்டே வரவில்லை, அவளும் அழிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

"போதும் பிள்ளை, வயிறு கனக்கும். குழந்தைக்கும் மெத்தக் குடுக்காதை" என்றேன். எனக்குப் பேசத் தெரிந்தது அவ்வளவுதான்.

காத்தாயி மடியிலிருந்த பொட்டலத்தை அதுவரை பிரிக்கவே இல்லை. இப்போது பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள். செரிக்க நல்லது என்று சொல்லி, செல்லத்தின் எண்ணெய்க் கையில் ஒரு கிராம்பு வைத்தாள், எனக்கு ஒன்று கொடுத்தாள். மீதியை அடுப்படிக்குக் கொண்டுபோய், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த மசாலாப் பெட்டியில் கொட்டினாள்.